நரி வாத்தியாரின் இம்போசிஷன் குழி

குளத்தங்கரை நரி ஒருநாள் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் வாத்தியார் ஆகிவிட்டது. கண்ணாடியில் கண்ணாடியே இல்லை, வெறும் கம்பிதான். யார் கேட்டார்கள்?

"வேட்டைக்காரன் வந்து இங்கிலீஷில் பேசினால் திருதிருவென்று முழிப்பீர்கள்! வாருங்கள் படிக்க! எல்லாம் இலவசம்!"

இலவசம் என்றதும் காடே திரண்டது. செவலிக்கோழி மட்டும் முறைத்தாள். சந்தைக் கூடையிலிருந்து தப்பி வந்தவள் அவள். கால் கட்டுண்டு கிடந்தபோதே பேரம் கற்றவள்.

"சும்மா தருகிறவனை நம்பாதேடி!" என்றாள், தோழி வாத்திடம். வாத்தின் பெயர் கொழுக்கட்டை. ஆளும் அப்படித்தான். "படித்தே தீருவேன்!" என்று அது கிளம்பிவிட, செவலியும் முணுமுணுத்தபடி பின்னால் போனாள்.

பாடம் எளிது. நரி ஒரு சொல் சொல்லும். பொருளின் பெயரானால் அது நவுன். நாவல் மரத்தடியில் நிற்க வேண்டும். செய்கிற வேலையானால் வெர்ப். பாறைமேல் ஏற வேண்டும். தப்பாக நின்றால் நரியின் குழிக்குள் போய் இம்போசிஷன் எழுத வேண்டும்.

"வாக்!" என்றது நரி.

நடப்பது வேலைதானே? முயல் பாறைமேல் தாவியது. கொக்கும் ஏறியது.

"முயலே, தப்பு! காலையில் ஒரு வாக் போகிறார்களே, அது நவுன்! குழிக்குள் போ!" எலும்பும் தோலுமான கொக்கை ஏற இறங்கப் பார்த்தது. "நீ சரி."

முயல் திரும்பி வரவில்லை. "இன்னும் எழுதுகிறான். கையெழுத்து மோசம்!" என்றது நரி, பல்லைக் குத்திக்கொண்டே.

மறுநாள் "வாட்டர்!" என்றது. கொழுக்கட்டை குடுகுடுவென்று மரத்தடிக்கு ஓடியது.

"தப்பு! செடிக்கு ஊற்றுவதும் வாட்டர்தான்! வெர்ப்! குழிக்குள் போ, என் கண்ணே!" நரியின் வாயில் எச்சில் ஒழுகியது.

செவலிக்குச் சுர்ரென்று ஏறியது. "நிறுத்துய்யா! கொழுத்தவர்கள் நிற்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கமாகவே போகுமா உன் இங்கிலீஷ்?"

"வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிறாயா?"

"பேரம் பேசுகிறேன்! மாங்காய் விற்கிறவன் முதலில் தான் கடித்துக் காட்டுவான். அதுதான் சந்தை வழக்கம்! நான் ஒரு சொல் சொல்கிறேன், நீ போய் நில்லு. நீ ஜெயித்தால் வாத்தோடு நானும் குழிக்குள் வருகிறேன். தோற்றால் நீ போய் எழுது!"

ஒன்றுக்கு இரண்டு! நரி மயங்கியது. "சொல், சொல்!"

"ஃபிஷ்!"

"மீன்! நவுன்!" நரி மரத்தடியில் போய் நின்றது.

"தப்பு! மீன் பிடிப்பதும் ஃபிஷ்தான்!"

நரி பாறைக்கு ஓடியது.

"தப்பு! குளத்தில் நீந்துகிறதே, அது என்னவாம்?" இப்போது காடே கத்தியது.

மரத்துக்கு ஓடியது. "தப்பு!" பாறைக்கு ஓடியது. "தப்பு!" நாக்குத் தள்ளியது. மூக்குக்கண்ணாடி வாலில் தொங்கியது.

"ஐயோ! ரெண்டும்தான்! எங்கே நின்றாலும் சரிதான்!" என்று அலறியது நரி.

எல்லாத் தலைகளும் குழிப்பக்கம் திரும்பின.

"அப்படியென்றால், முயல்?" என்றாள் செவலி.

நரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. காட்டுப்பன்றி ஒரே முட்டு முட்டியது. நரி குழிக்குள் விழுந்தது. எல்லோருமாகப் பாறையை உருட்டி வாசலை அடைத்தார்கள்.

"நிதானமாக எழுதுங்கள், வாத்தியாரே! கையெழுத்து முக்கியம்!" என்றாள் செவலி.

கேள்வியும் தீர்ப்பும் ஒருவன் கையிலேயே இருந்தால், முதலில் அவனைத் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.