இரண்டாம் கண்ணீர் அஞ்சலி

"எழுத வரமாட்டேங்குது தாயே," என்றார் சடையப்பன்.

அரிசி ஆலை முதலாளி. தவசியம்மாவின் மடத்துக்குப் பல வருடமாக வருகிறவர். குருவான அந்த அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அன்று தாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் மகள் பூங்கோதை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். முந்தின நாள்தான் எரித்தார்கள்.

"என்ன எழுதணும்?"

"கண்ணீர் அஞ்சலி. ஊர் பூரா ஒட்டணும். பெத்தவன் அதையாவது செய்யவேண்டாமா?"

"அதான் எப்பவோ ஒட்டிட்டியே."

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊரறிந்த கதைதான். பூங்கோதை வேறு சாதிப் பையனோடு போன மறுநாளே, உயிரோடிருந்த மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்து ஒட்டியவர் அவர். தாயில்லாப் பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தைப் போட்டு, மறைந்த தேதியையும் போட்டு! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சடையப்பனுக்கு அன்று அதுவும் இல்லை.

"இருந்த வார்த்தையெல்லாம் அன்னைக்கே போட்டுட்டேன் தாயே. இப்ப ஒண்ணும் மிச்சமில்ல. கீழே தகப்பன்னு என் பேரைப் போடக் கை வரல."

"அவ வாழ்ந்த வீட்டுக்குப் போயிருக்கியா?"

"இல்ல."

"போயிட்டு வா. வந்து எழுது."

போனவர் சாயங்காலம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பார்த்தே?"

"தெருமுனையில அவ போஸ்டர். 'காலஞ்சென்ற சடையப்பன் அவர்களின் மகள்'னு போட்டிருக்கு."

தவசியம்மா அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"என்னைச் சாகடிச்சுட்டானுங்களேன்னு கொதிச்சுப்போய் அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். பையன் சுடுகாட்டுக்குச் சாம்பல் அள்ளப் போயிருந்தான். அவன் அம்மா மட்டும் இருந்தாங்க. என்னை யாருன்னு தெரியல. குடிக்கத் தண்ணி கொடுத்துட்டு அழுதாங்க."

"என்ன சொல்லி?"



"கல்யாணத்தன்னைக்கு, உங்கப்பா ஏம்மா வரலைன்னு கேட்டாங்களாம். 'அவரு செத்துட்டாரு அத்தை. உசுரோட இருந்தா வராம இருப்பாரா'ன்னாளாம்."

"நீ யாருன்னு சொன்னியா?"

"அரிசிக்காரன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழுதார். தவசியம்மா தடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சடையப்பன் எழுதினார். மகளின் பெயரை எழுதினார். அவள் கணவனின் பெயரை, முதல்முறையாக, எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"என் பேரை எங்க போடறது தாயே?"

"அவ போட்ட இடத்துலதான். 'காலஞ்சென்ற'வுக்கு அடுத்து."