பேசியவர்கள் பட்டியல்

நூல் மில்கள் சூழ்ந்த ஓர் ஊரின் தொடக்கப் பள்ளி அது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு, தலைமையாசிரியை ஜெசிந்தாவுக்கு நாற்பது. ஆனாலும் மனதில் ஒரு குழப்பம் வந்துவிட்டால் சந்தேகம் கேட்க வந்த மாணவனைப் போல அவர் ஜெசிந்தாவின் மேஜை முன்னால் போய் நின்றுவிடுவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

அன்றைய குழப்பம் ஆண்டு விழாப் பரிசு. வகுப்புக்கு ஒரே ஒரு நல்லொழுக்கப் பரிசுதான். அவர் வெளியே போகும்போதெல்லாம் வகுப்புத் தலைவன் கிஷோர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவான். ரொம்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் இன்ட்டு போடுவான். வருஷம் முழுக்க ஒரு தடவைகூடப் பலகை ஏறாத பிள்ளைகள் நான்கு பேர்.

“நாலு பேர்ல யாருக்குக் கொடுக்கறதுன்னு தெரியலீங்க டீச்சர்.”

“நாலு பேரும் என்ன செஞ்சாங்க சார்?”

அவர் யோசித்துப் பார்த்தார். “பேசலீங்க.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அதிகமாகப் பலகை ஏறியது யார் என்று கேட்டார். அதற்கு அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முத்தரசி. தினமும் அவள் பெயர், தினமும் மூன்று இன்ட்டு. வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. இனிமேல் பேசாமல் இருந்தால் எனக்குப் பரிசு கிடைக்குமா சார் என்று போன வாரம் வந்து நின்றவளும் அவள்தான். இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் முகம் வாடிப்போனதை நினைத்தால் அவருக்கு இப்போதும் சங்கடமாகத்தான் இருந்தது.

“அவ என்ன பேசுவா?”

இருபத்தைந்து வருஷ வேலையில் அந்தக் கேள்வியை அவர் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை.

இருவரும் வகுப்புக்குப் போனார்கள். பிள்ளைகள் கப்சிப் என்று அடங்கினார்கள். பலகையில் தலைப்பு இருந்தது. அதன் கீழே முத்தரசியின் பெயர் மட்டும், மூன்று இன்ட்டுடன். முத்தரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெசிந்தா அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பினிதாவைக் கூப்பிட்டார். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள். ஜூன் மாதம் சேர்ந்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மெதுவாக வரட்டும் என்று தணிகாசலம் விட்டுவிட்டார். இதுவரை எழுந்து படி என்று அவளிடம் சொன்னதே இல்லை.

“பலகையில இருக்கறதைப் படி கண்ணு.”

பினிதா பலகைக்குக் கிட்டே போனாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, தலைப்பைப் படித்து முடித்தாள். அடுத்த வரிக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டாள். அதை எழுத்துக் கூட்டவே இல்லை, ஒரே மூச்சில் சொன்னாள்.

“முத்தரசி.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

பினிதா மறுபடியும் விரலை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள்.

பெருமையா வெட்கமா என்று தணிகாசலத்துக்கே தெரியவில்லை. மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டு, பரிசுப் பட்டியலை முதல்லேர்ந்து எழுதறேனுங்க டீச்சர்.”

“பட்டியல் சரியாத்தான் இருக்குது சார்,” என்றார் ஜெசிந்தா. “தலைப்பை மட்டும் அழிங்க.”