முப்பத்திரண்டு தடவை மென்ற ராஜா

முன்னொரு காலத்தில் நெல்லூற்று நாட்டை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டது கொஞ்சம், சாப்பிட்டதுதான் அதிகம். வேளைக்கு இலையில் விழும் நாற்பது பதார்த்தத்தையும் மெல்லாமல் விழுங்குவான். கை கழுவிய ஈரம் காயுமுன் படுப்பான். எழுந்ததும் அதிரசம் கேட்பான்.

ஒருநாள் சபையில் ராஜா வாயைத் திறந்தால் புளித்த ஏப்பம்தான் வந்தது. நெஞ்சு எரிந்தது, வயிறு உப்பியது, குமட்டியது. உடனே படைத்தலைவரான தண்டநாயகர் இடும்பனார் எழுந்தார். சமையற்காரன் சோலையப்பனைத் துரத்திவிட்டுத் தம் மைத்துனனை அந்த வேலையில் வைக்க வெகுநாளாய்க் காத்திருந்த மனுஷர் அவர்.

"மகாராஜா, இது விஷம்! சமையற்காரன் வேலை!"

"யானைக் காலில் போடுங்கள் அவனை!" என்றான் ராஜா, ஏப்பத்தோடு.

சோலையப்பன் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தான். பன்னிரண்டு வருஷமாகப் பரிமாறுகிறவனுக்கு ராஜாவின் வியாதி தெரியாதா? ஆனால் உள்ளதைச் சொன்னால் அதற்குத் தனியாக இன்னொரு யானை வரும்.

"மகாராஜா, விஷத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க மூன்று நாள் கொடுங்கள். நானே சமைக்கிறேன். தண்டநாயகர் மடைப்பள்ளியில் காவல் இருக்கட்டும். தாங்கள் ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்லுங்கள், விஷமென்றால் நாக்கு கண்டுபிடித்துவிடும். சாப்பிட்டதும் படுக்காமல் நூறு அடி நடந்து உடம்பைக் கவனியுங்கள். விளக்கு வெளிச்சத்தில் சோற்றின் நிறம் தெரியாது, பொழுது சாய்ந்தபின் எதுவும் வேண்டாம்."

உயிர்ப்பயம் ராஜாவை மெல்ல வைத்தது. நாலாவது பதார்த்தத்திலேயே தாடை வலித்து, "போதும், எடு" என்றான். மீதி முப்பத்தாறும் மடைப்பள்ளிக்குத் திரும்பின. இடும்பனார் விடுவாரா? மூன்று நாளும் அத்தனையையும் அள்ளி விழுங்கிவிட்டு அங்கேயே படுத்து உருண்டார்.

நாலாம் நாள் சபையில் ராஜாவின் முகம் தெளிந்திருந்தது. இடும்பனார் எழுந்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா! நான் காவல் இருந்ததால்தான் இவன் விஷம்..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. சபையே அதிர ஓர் ஏப்பம் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு யார் ஐயா விஷம் வைத்தது?" என்றான் ராஜா.

"அதே பானை, அதே கரண்டிதான் மகாராஜா," என்றான் சோலையப்பன். "தாங்கள் ஒதுக்கியதையெல்லாம் ஐயாதான் சாப்பிட்டார். மெல்லவில்லை, நடக்கவுமில்லை."

"விஷமென்று சொன்ன சோற்றையா தின்றீர்? அப்படியானால் விஷமே இல்லையென்று உமக்கு முதலிலேயே தெரியும்!"

இடும்பனார் தலை குனிந்தார். ராஜா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"என் வயிற்றைக் கெடுத்தது இந்தக் கைதானா, சோலையப்பா?"

"அதை என் வாயால் சொல்வேனா மகாராஜா? எனக்குக் கழுத்து ஒன்றுதானே இருக்கிறது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, தன் பொற்காப்பைக் கழற்றி அவன் கையில் போட்டான். தண்டநாயகருக்குப் புதிய வேலை கிடைத்தது. தினமும் ராஜாவின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ராஜா மெல்லுவதைச் சத்தமாக எண்ண வேண்டும். பொய் சொன்ன வாய்க்கு அதற்கப்புறம் வேறு எதுவும் பேச ஒழிவில்லை. முப்பத்தொன்றில் அவர் நிறுத்தப் பார்த்தால், சோலையப்பன் கரண்டியைத் தட்டுவான்:

"இன்னும் ஒன்று இருக்கிறது, ஐயா!"