முதல் இலைச் சோறு

அந்த ஊரில் கடல் இருந்தது, உப்பு இருந்தது, வெயில் கேட்கவே வேண்டாம். சோறு மட்டும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

உள்ளே வைத்தவர்கள் தலைநகரத்தில் இருந்தார்கள். ரேஷன் கடைக்குப் போகிறவர் இனிமேல் மெஷினில் விரலை வைக்க வேண்டும். விரல் இன்னாருடையது என்று மெஷினுக்குத் தெரிந்தால் அரிசி. தெரியாவிட்டால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ‘உங்கள் விரல், உங்கள் அரிசி’ என்று பஸ்ஸின் முதுகிலெல்லாம் எழுதி ஒட்டினார்கள். ஒரு பெரிய கம்பெனி டெண்டர் எடுத்தது. கம்பெனி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அரசாங்கம் ஒரு கண்காணிப்புக் குழுவைப் போட்டது. அதற்குத் தலைவர் அறவாழி.

அறவாழி கை நீட்டாதவர். எந்தக் கூட்டத்துக்கும் பிந்தி வராதவர். ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது; கறை படாமல் வீடு போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

கம்பெனிக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல். உப்பளத்துப் பெண்களின் விரலில் ரேகை இல்லை. உப்பு தின்றுவிட்டது. சூளைக்காரர்களின் ரேகையைச் சூடு தின்றிருந்தது. யாருக்கெல்லாம் அரிசி வேண்டுமோ அவர்கள் ரேகையையெல்லாம் வேலை தின்றிருந்தது. இதைக் குழுவிடம் சொன்னால் திட்டம் அன்றைக்கே படுத்துவிடும். ஆகவே கம்பெனிக்காரர்கள் மாநிலத்தையே சல்லடை போட்டுச் சலித்து, கடைசியில் ஒரு விரலைக் கண்டுபிடித்தார்கள்.

பூரணலிங்கத்தின் விரல்.

பூரணலிங்கம் பிறந்த நாளிலிருந்து ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதில்லை. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால் அதுவாகப் போகட்டும் என்று இருந்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனின் விரலில் ரேகை எப்படி இருக்கும்? அன்றைக்கு உழுத வயல் மாதிரி இருந்தது. மெஷினில் வைப்பதற்கு முன்பே, அந்த விரல் காரை விட்டு இறங்கும்போதே, திரையில் பச்சை விளக்கு எரிந்தது என்று சொல்கிறார்கள். கம்பெனி அந்த விரலுக்குப் பட்டுத் துணியில் உறை தைத்துப் போட்டது. ஏ.சி. காரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. எந்த ஊரில் ஆய்வுக் கூட்டமோ அந்த ஊர் வரிசையில் முதல் ஆள் பூரணலிங்கம்தான். விரலை வைப்பான். பச்சை எரியும். அரிசி கொட்டும். குழு கைதட்டிவிட்டு முந்திரிப் பருப்பு சாப்பிடப் போகும்.

கூட்டத்துக்குக் கூட்டம் வாங்கிய அரிசி அவன் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. வீட்டுக்காரர்கள் ஓட்டைப் பிரித்துத்தான் உள்ளே இறங்கினார்கள். அந்த வீட்டு எலிகள் பொழுதுபோக்குக்காகப் பூனை வளர்த்தன என்று கேள்வி.

அறவாழிக்கு அந்த முகம் பழகிப்போயிருந்தது. பயனாளிகளோடு இவ்வளவு நெருக்கம் வந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. ஒவ்வொரு முறையும் அவனிடம் சௌக்கியமா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் திட்டம் திருப்திகரமாக நடக்கிறது என்று எழுதினார்.

ஒருநாள் ஆய்வுக் கூட்டத்தில் கொடுத்த பாயசத்தில், சூடு தெரியாமல், பூரணலிங்கம் விரலை விட்டுவிட்டான். விரல் கொப்பளித்தது. அன்றைக்கு மெஷின் அவனை யாரென்று தெரியாது என்றது. வேறு விரல் கம்பெனியிடம் இல்லை. மாநிலம் முழுவதும் அந்த ஒற்றை விரலில்தான் நின்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. திட்டம் தோற்றது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஏன் தோற்றது என்று விசாரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே? திட்டத்தை ஆரம்பத்திலிருந்து அருகில் இருந்து பார்த்தவர் என்று அறவாழியையே போட்டது.

அறவாழி விசாரித்தார். கம்பெனியிடம் போனால், மெஷின் சரி, ஜனங்களின் விரல்தான் சரியில்லை என்றது. துறையிடம் போனால் கம்பெனியைக் கேட்கச் சொன்னது. விசாரணை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பேச்சித்தாயிடம் நின்றது.

பேச்சித்தாய் உப்பளத்து ஊரின் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிறவள். மெஷின் யார் விரலையும் எடுக்கவில்லை என்றதும் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, முகத்தைப் பார்த்து அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் கணக்குப்படி அது திருட்டு. அறவாழி சொல்லிக் கடைக்குச் சீல் வைத்தார்கள். அரிசி உள்ளே வண்டு பிடித்துக்கொண்டிருந்தது, அவள் வெளியே இருந்தாள். இப்படி விதியை மீறிய கடை ஊழியர்களால்தான் திட்டம் தோற்றது என்று அறவாழியின் அறிக்கை சொன்னது. அவர் கையெழுத்துப் போட்டால் பேச்சித்தாய்க்கு ஜெயில். அது ஒன்றுதான் பாக்கி.

பேனாவை எடுத்தபோது கை ஓடவில்லை. அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு வடிவம்மையிடம் புறப்பட்டார்.

வடிவம்மை அவருடைய குரு. வயதில் அவருடைய மகளாக இருக்கலாம். உப்பளத்து ஓரத்தில் ஓடு வேய்ந்த ஒரு மடத்தில் இருந்தார். கோபக்காரி. விளக்கு ஏற்றும்போது விளக்கையே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார். மாநிலத்தில் தன்னைத் திட்டுவதற்கு ஓர் ஆளாவது வேண்டும் என்றுதான் அறவாழி அவருக்குச் சீடரானார். கடைக்குச் சீல் வைத்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் மடத்தில்தான் சாப்பிட்டார்கள் என்பது அறவாழிக்குத் தெரியாது.

மத்தியான வேளை. அறவாழி விழுந்து கும்பிட்டு எழுந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். எந்தக் கூட்டத்தையும் தவறவிடவில்லை, எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்த்தார், அதையும் சொன்னார்.

“கண்காணித்தவன் மேல் குற்றம் உண்டா, அம்மை?” என்று கேட்டார்.

“இலை போட்டிருக்கு. சாப்பிடும்” என்றார் வடிவம்மை.

அந்த மடத்துப் பந்திக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இலைமுன் உட்கார்ந்தால் கண் இலையில் இருக்க வேண்டும். அம்மை கேட்டால் பதில் சொல்லலாம். மற்றபடி, மணி அடிக்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. அறவாழி முதல் இலையில் உட்கார்ந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எங்கே போனாலும் முதல் இலையில் உட்கார்ந்து பழகியவர்.

பக்கத்தில் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. சேலை சரசரத்தது, வளையல் குலுங்கியது. பிறகு அமைதி.

சோறு விழுந்தது. பருப்புக் குழம்பு விழுந்தது. சூடான சோறு, உப்பு, புளி, உறைப்பு எல்லாம் கச்சிதம். பயணக் களைப்பில் நாலு வாய் வேகமாக இறங்கியது.

தலைக்கு மேலிருந்து அம்மையின் குரல் கேட்டது. “சோறு எப்படி?”

“நன்றாக இருக்கிறது, அம்மை.”

மறுபடியும் ஒரு கரண்டி. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக விழுந்தது.

“சோறு எப்படி?”

“ரொம்ப நன்றாக இருக்கிறது.”

கரண்டி அண்டாவில் இடிக்கும் சத்தம் வரவரப் பலத்தது. சோறு குவிந்தது. குழம்பு இலை ஓரத்தைத் தாண்டி ஓடியது. அறவாழிக்கு மூச்சு முட்டியது. இலையை மறைத்தார். கையின் மேலேயே சோறு விழுந்தது, சுட்டது. போதும் என்றார். பந்தி இன்னும் முடியவில்லையே என்று பதில் வந்தது. அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம், அதற்குப் பின் இன்னொரு கரண்டி. அதற்குப் பின்தான் மணி.

அறவாழி தலையைத் தூக்கினார்.

மடத்தின் மறுகோடி வரைக்கும் இலை போட்டிருந்தது. ஒவ்வொரு இலைமுன்னும் ஓர் உப்பளத்துப் பெண். தெளித்த தண்ணீர் அந்த இலைகளில் முத்து முத்தாக அப்படியே நின்றது. ஒரு பருக்கை இல்லை. மணி அடித்துவிட்டதால் அவர்களும் தலையைத் தூக்கி, அவர் இலையைப் பார்த்தார்கள்.

கோடியில் இருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “பூரணலிங்கத்துக்கு அண்ணன்காரர் போலிருக்கு.”

யாரோ சிரித்தார்கள். அது பசித்த சிரிப்பு; பாதியில் நின்றுவிட்டது.

“இவங்களுக்கு ஏன் போடலை?” என்றார் அறவாழி.

“சோறு நல்லா இருக்குன்னு நீர்தானே சொன்னீர்?”

“என் இலையைப் பற்றித்தானே கேட்டீங்க?”

“நான் சோத்தைப் பத்திக் கேட்டேன்.”

அறவாழிக்குக் கோபம் வந்தது. தலையைத் தூக்கக் கூடாது என்பது அம்மை போட்ட சட்டம், சோறு போட்டது அம்மையின் கை, தான் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டார். தப்பு பரிமாறியவர் மேல்தான் என்றார்.

“சரி” என்றார் வடிவம்மை. “அறிக்கையை எடும். பேச்சித்தாய் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதிக்கிடும்.”

அறவாழி அறிக்கையை எடுக்காமல், நடந்தது நடந்துவிட்டது, இப்போதாவது இவர்களுக்குப் போடுங்கள் என்றார். வடிவம்மை அண்டாவைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது உருண்டுபோய்த் தூணில் முட்டி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை.

“மடத்து அரிசி இன்னியோட முடிஞ்சுது” என்றார். “இருந்ததெல்லாம் உம்ம இலையில கிடக்கு.”

இலையில் சோறு மலையாகக் கிடந்தது. அறவாழி கை வைத்த எச்சில் சோறு. எடுத்து யாருக்கும் கொடுக்க முடியாது.

தன் சொந்தச் செலவில் அரிசி வரவழைக்கிறேன் என்றார் அவர். டிரைவரைக் கூப்பிட வாயெடுத்தார். வடிவம்மையின் முகம் சிவந்தது.

“உம்ம அரிசி யாருக்கு வேணும்? அவங்க அரிசி அவங்க ஊர்க் கடையில, நீர் வச்ச சீலுக்குப் பின்னால வண்டு பிடிச்சுக் கிடக்கு.”

முதல் இலையை அடுத்து உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவளுடைய விரல்நுனி நீரில் ஊறிய சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. கடைச் சாவி இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது, சீலை உடைக்க ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் உலை வைத்துவிடலாம் என்றாள். பேச்சித்தாய் அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறவாழி எழுந்தார். கை கழுவத் தொட்டிப் பக்கம் நடந்தார்.

“கழுவாதேயும்” என்றார் வடிவம்மை. “அந்தக் கையாலேயே எழுதும்.”

அவர் திரும்பி வந்தார். எச்சில் கையாலேயே பையைத் திறந்தார். அறிக்கையில் பேச்சித்தாயின் பெயரை அடித்தார். தாளில் குழம்பு ஒட்டிக்கொண்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், கடையின் சீலை உடைக்கலாம், விரல் கேட்காமல் முகத்தைப் பார்த்து அரிசி போடலாம் என்று எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெறும் இலைமுன் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“இதில் கையெழுத்துப் போட்டால், முதலில் என்னைத்தான் கேட்பார்கள், அம்மை” என்றார் அறவாழி. “இத்தனை நாள் நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. நான் என்ன சொல்வது?”

“சோறு நல்லா இருந்துதுன்னு சொல்லும்” என்றார் வடிவம்மை.