மணலில் ஊற்றிய வாளி

செம்மணல் பரந்த தேரிக்காட்டு ஓரத்தில் ஓர் ஊர். அங்கே கிணறுகள் எல்லாம் உப்பேறிவிட்டன. நல்ல தண்ணீர் பார்த்துச் சொல்ல ஊர்த்தலைவர் அகஸ்டா டீச்சரை அழைத்தார். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி நீரோட்டம் அறிவதில் தேர்ந்தவர் அவர்.

அவருடைய சீடர் சுயம்புலிங்கம். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பல காலம் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி வைத்திருந்தார். தண்ணீர் வராத துளைகளைப் போட்டு அலுத்து, பாடம் கேட்க வந்துவிட்டார்.

அன்று அவரே தனியாக அளந்தார். கம்பிகளை மண்ணில் அடித்து, தள்ளித் தள்ளி நட்டு, மீட்டரைப் பார்த்தார். பிறகு வேகமாக வந்தார்.

"டீச்சர், வடக்கே மணலுக்கு அடியில நல்ல தண்ணி. நடுவுல களிமண்ணே கிடையாது. பெய்யுற மழை நேரா இறங்குது. தெற்கே களி நல்ல தடிமன். அதுக்குக் கீழே தண்ணி கொஞ்சந்தான்."

"சரியாத்தான் பாத்திருக்கீங்க அண்ணாச்சி."

தலைவர் முகம் மலர்ந்தது. "அப்போ வடக்கேயே கிணறு வெட்டிருவோம். அதை ஒட்டின நிலத்தை இறால் பண்ணைக்குக் கேக்காங்க. அதையும் குடுத்துட்டா ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையாச்சு. சரிதானே?"

சுயம்புலிங்கம் டீச்சரிடம் திரும்பினார். "தண்ணி இருக்கிற இடத்தை மீட்டர் சொல்லிருச்சு. அதுக்கு மேல நாம சொல்ல என்ன இருக்கு டீச்சர்?"

காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்குவதற்காகக் கம்பிகளின் அடியில் ஊற்றும் உப்புத் தண்ணீர் ஒரு வாளியில் இருந்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். பாதியைக் களிமண்ணில் ஊற்றினார். அப்படியே தேங்கி நின்றது.

வடக்கே வந்து மீதியை மணலில் ஊற்றினார். ஊற்றி முடிப்பதற்குள் காணாமல் போனது.

"எங்கே போச்சு அண்ணாச்சி?"

சுயம்புலிங்கம் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைவரிடம் சொன்னார்:

"கிணறு இங்கேதான். பண்ணை இங்கே கூடாது. தெற்கே களிமேல வச்சுக்கிடட்டும்."

"அவங்க கேட்டது இந்த நிலத்தைல்லா? மாட்டேன்னு போயிட்டா?"

"போகட்டும். பண்ணைத் தண்ணியும் உப்புதான். அது இறங்கிட்டா இந்தக் கிணத்தையும் மூடவேண்டியதுதான்."

தலைவர் ஈரம் மறைந்த இடத்தைக் காலால் கிளறிப் பார்த்தார். கீழே மணல் நனைந்திருந்தது.

"தெற்கேன்னே சொல்லிருதேன்" என்றார். "கிணத்துக்கு எவ்வளவு ஆழம் போகணும்?"

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். டீச்சர் கைகாட்டித் தடுத்தார்.

"ஆழம் இருக்கட்டும் அண்ணாச்சி. கிணத்தைச் சுத்தி எந்த அழுக்கும் உப்பும் அண்டாம வேலி எவ்வளவு தூரத்துல போடணும்னு முதல்ல சொல்லுங்க."