ஏழாம் நம்பர் லேப்டாப்

பழைய டூத் பிரஷ்ஷால் கீபோர்டு இடுக்கில் இருந்த அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பிஸ்கட் தின்றுகொண்டே தட்டியிருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தூள் வந்துகொண்டே இருந்தது.

பக்கத்து மேஜையில் பிரிசில்லா நிமிர்ந்தாள்.

"மாஸ்டர், வைஃபை வந்துருச்சு. சவுண்டும் வந்துருச்சு."

"அதுக்குள்ளயா?" மாஸ்டர் சிரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளும் நானும் ஒரே நாளில்தான் இங்கே வேலை பழகச் சேர்ந்தோம். அவள் பன்னிரண்டு படித்தவள். நான் ஏழு.

மாஸ்டர் பேர் தௌலத். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட லேப்டாப்புகளை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி, ஊர் நூலகங்களுக்குக் கொடுப்பார். லினக்ஸுக்குக் காசு கிடையாது. ஆனால் சில மெஷினில் ஏற்றினால், உள்ளே இருக்கிற வைஃபையை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

என் மெஷின் மூன்று நாளாக அப்படித்தான்.

நாளைக்குப் பெரிய நூலகத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அங்கேயே இருந்து மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மாதச் சம்பள வேலை. எங்கள் இரண்டு பேரில் யார் என்று சாயந்தரம் சொல்வதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். பிள்ளையைக் கீழே தையல் கடையில் சகாயமேரி அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வருகிறேன். அந்த வேலை கிடைத்தால் பிள்ளையின் பாலுக்கு யாரிடமும் நிற்க வேண்டாம்.

அவர் கிட்டத்தில் வந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"மாஸ்டர், அவளுக்கு எல்லாம் வருது. எனக்கு மட்டும் ஏன் வரல?"

"உள்ள என்ன இருக்குன்னு மெஷினையே கேட்டுப் பார்த்தீங்களா ஈஸ்வரிக்கா?"

"அவ நோட்டுல எழுதி வச்சிருந்ததை அப்படியே அடிச்சேன்."

"அது அவ மெஷினுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். நல்ல மெஷினாகப் பொறுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மாஸ்டர் தொழுகைக்குப் போனார். பிரிசில்லா சாப்பிட்டுவிட்டு டப்பா கழுவப் போனாள். இரண்டு லேப்டாப்பும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. எல்லா மெஷினுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டுதான் வைப்போம். அவளுடையதை என் மேஜையில் வைத்தேன். என்னுடையதை அவள் மேஜையில் வைத்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது, காலையில வந்த வைஃபை சாப்பிடப் போயிருச்சா?"

நான் தலை நிமிரவில்லை. உனக்கு வேணும் என்று மனசுக்குள் சொன்னேன்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு வரி அடித்தாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மெஷின் நீளமாகப் பட்டியல் போட்டது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இதுல வேற வைஃபை கார்டு இருக்கே. காலையில நான் சரியா பார்க்கல போல."

போனை ஒயரில் சொருகி, அந்த நெட்டிலேயே கார்டுக்கு வேண்டிய ஃபைலைத் தேடி இறக்கினாள். ஒரு தடவை அணைத்துப் போட்டாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"வா ராசா, வா," என்றாள் திரையைப் பார்த்து. வந்துவிட்டது.

மூன்று நாள் என்னோடு பேசாமல் கிடந்தது, அவளிடம் பேசிவிட்டது. என் முன்னால் இருந்த மெஷினில் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் செய்ய வேலையே இல்லை.

சாயந்தரம் மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார்.

"வைஃபை வந்துருச்சே."

"ம்."

"எப்படி வந்துச்சு? சொல்லுங்கக்கா, நோட்டுல எழுதிக்கிறேன்."

நான் பிரஷ்ஷை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் லேப்டாப்பைக் கவிழ்த்தார். அடியில் நாலு என்று நம்பர் ஒட்டியிருந்தது. என்னிடம் கொடுத்தது ஏழாம் நம்பர். அது பிரிசில்லா மேஜையில் இருந்தது. அந்தச் சீட்டு என் ஞாபகத்துக்கே வரவில்லை.

மாஸ்டர் லேப்டாப்பை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

"மாஸ்டர், நாளைக்கு யாரு?" என்று பிரிசில்லா அங்கிருந்து கேட்டாள்.

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"நீங்களே போறீங்கன்னு வச்சுக்கோங்கக்கா. அங்க ஒரு மெஷினுக்கு வைஃபை வரலன்னா, யாரோடதை எடுத்து மாத்தி வைப்பீங்க?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அப்புறம் எழுந்து பக்கத்து மேஜைக்குப் போனேன்.

"பிரிசில்லா, நீ டப்பா கழுவப் போனப்ப நான்தான் உன்னோட மெஷினை மாத்தி…"

"ஈஸ்வரி," என்று கீழே தையல் கடையிலிருந்து சகாயமேரி அக்கா கூப்பிட்டாள். "சீக்கிரம் வா, புள்ள விடாம அழுவுது."