ஓடையில் வைத்த கல்

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால். அந்தக் கடலின் தரைமேல் இப்போது கருவேல முள்ளும், சிமெண்டு லாரிகளும், ஒரு அரசு நடுநிலைப் பள்ளியும் இருக்கின்றன. பள்ளிக்குப் பின்னால் மழை அறுத்துப் போட்ட செம்மண் ஓடை. குனிந்து தேடினால் அந்தக் கடலில் வாழ்ந்தவை கல்லாகிக் கிடைக்கும்.

அந்த ஓடையை நம்பித்தான் பேராசிரியர் மெர்சி வெளியூர் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினார். கடல் தரையை ஆராய வேண்டும், சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளையும் அதில் இறக்க வேண்டும் என்பது திட்டம். நிதி வந்தது. முதல் கட்டம் முடியப் போகிறது. இரண்டாம் கட்டம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று பேர் நேரில் வருகிறார்கள்.

மெர்சியின் கீழ் ஆய்வு செய்பவள் செங்கொடி. சிமெண்டு ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்த அப்பா வைத்த பெயர். பெயரைக் காப்பாற்றுகிறவள் மாதிரி எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பாள். சனிக்கிழமை வகுப்பை நடத்துவது அவள்தான். இரண்டாம் கட்டம் வராவிட்டால் அந்த வகுப்பு நின்றுபோகும். அவளுடைய உதவித்தொகையும் அதோடு சரி.

"மேடம், வர்ற மூணு பேர்ல ஒருத்தராவது கல்லு படிச்சவரா?" என்றாள் செங்கொடி. "தலைவர் வேதியியல். இன்னொருத்தர் கணக்கு பாக்க வர்றார். மூணாவது ஆள் எதுக்குன்னே தெரியல."

"மூணு இலை போடச் சொல்லிடு," என்றார் மெர்சி.

"சிரிக்காதீங்க மேடம். ஊர் ஜனங்க நன்கொடையாக் குடுத்த பணம். அதை வாங்க நாம ஏன் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பொண்ணைக் காட்டுற மாதிரி நிக்கணும்? கொடுக்கிறவங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கும் தெரியல."

"அப்ப எதைக் காட்டுறது?"

"இருக்கிறதை."

"இருக்கிறது பூரா உடைசல் மேடம்! புள்ளைங்க இத்தனை நாள் பொறுக்கினதெல்லாம் நகம் பெருசுக்குத் துண்டு. முழுசா ஒண்ணு, ஒரே ஒண்ணு கிடைச்சிருக்கா?"

மெர்சி தேநீரை ஒரு வாய் குடித்தார். நாகர்கோவில்காரர். யாரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்.

"அப்ப உடைசலைக் காட்டு மக்களே," என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டே செங்கொடி வெளியே வந்தாள்.

ஆய்வுக் குழு வருகிறதென்றால் பல்கலைக்கழகத்தில் ஒரு சடங்கு உண்டு. பழுதாகிக் கிடந்த கருவிக்கு உயிர் வந்துவிடும். பக்கத்துத் துறையின் மைக்ராஸ்கோப் நம் துறை மேஜையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நூலகத்து நாற்காலிகள் நடந்து வரும். வந்தவர்கள் கார் ஏறியதும் எல்லாம் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடும். இதை யாரும் பொய் என்பதில்லை. ஏற்பாடு என்பார்கள்.

செங்கொடியும் ஓர் ஏற்பாடு செய்தாள்.

துறையின் கண்ணாடி அலமாரியில் ஓர் அம்மோனைட் இருந்தது. அந்தப் பழைய கடலில் நீந்திய சுருள் ஓட்டு உயிர். ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் சுருண்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. குழு வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாள். ஓடையில் ஒரு கருவேலங்கன்றின் அடியில் ஒரு சாண் தோண்டிப் புதைத்தாள். மண்ணை மிதித்துச் சமமாக்கி மேலே சருகைத் தூவினாள்.

வழியெல்லாம் அவள் தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தாள். யார் பணத்தை நான் தின்றேன்? பிள்ளைகளுக்காகத்தானே? கல் பொய்யா என்ன? நிஜக் கல்தானே? இடம்தானே கொஞ்சம் மாறியிருக்கிறது? எதிராளி இல்லாத வாதம். அவளே ஜெயித்தாள்.

காலையில் மூன்று பேரும் வந்தார்கள். தலைவர் நீலமேகம் என்பவர், தலை நரைத்த மனிதர். ஓடைக்குள் இறங்கச் சிரமப்பட்டார். மெர்சி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிள்ளைகள் கையில் கொத்தும் துடைப்பமுமாக ஏற்கெனவே குந்தியிருந்தார்கள்.

"இன்னிக்கு அந்தக் கன்னுப் பக்கம் பாருங்க," என்றாள் செங்கொடி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

எட்டாம் வகுப்புக் கொளஞ்சியம்மாள் கருவேலங்கன்றின் அடியில் உட்கார்ந்தாள். கொத்தினாள். மண் கொஞ்சம் சுலபமாக விட்டுக்கொடுத்தது. நாலாவது கொத்தில் டங்கென்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு ஓடை முழுக்கக் கூச்சல்.

"ஏ பெருசுடா!"

"தள்ளுடா, தள்ளு, உடைச்சிராத!"

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். "அடேயப்பா," என்றார். மூன்றாவது ஆள் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. அவர் படம் எடுத்தார். மெர்சி மேட்டில் நின்று பார்த்தார். செங்கொடி மூச்சை விட்டாள்.

கொளஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு, விரலை எச்சிலில் நனைத்து, சுருளின் இடுக்கில் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"அக்கா."

"என்ன?"

"இது இங்க உள்ளது இல்லக்கா."

செங்கொடி கண்ணைக் காட்டினாள். கொளஞ்சி கவனிக்கவில்லை. கவனமெல்லாம் கல்லில் இருந்தது.

"சந்துல பாருங்க, வெள்ளையா ஒட்டியிருக்கு. சுண்ணாம்பு. நம்ம ஓடையில எங்கக்கா சுண்ணாம்பு? செவப்புச் சேறுதான். கல்ல எடுக்கிறதுக்கு முன்ன ஒட்டுன மண்ணப் பாருன்னு நீங்கதானே கத்துவீங்க?"

"ஆமா, கல்லு பஸ்ஸு ஏறி வந்துச்சு, டிக்கெட்டு எங்கன்னு கேளு!" என்றான் ஒரு பையன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நீ சும்மா இருடா. பஸ்ஸுல வந்தா என்ன, லாரியில வந்தா என்ன? இங்க பொறந்தது இல்ல."

நீலமேகத்துக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் குந்தினார்.

"அப்படியா பாப்பா? அப்ப இங்க பொறந்தது எது?"

கொளஞ்சி பாவாடையில் கையைத் துடைத்தாள். தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸும் ஸ்கேலும் இல்லை. பஞ்சு இருந்தது. பஞ்சின் நடுவிலிருந்து நகம் அளவு ஒரு துண்டை எடுத்தாள். பார்க்கப் பழைய ஓட்டுச்சில்லு மாதிரி. அதிலும் எச்சிலைத் தடவி, வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

துண்டு பச்சையாக மின்னியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ரோஜா நிறம். இன்னும் கொஞ்சம். மயில் கழுத்து.

"என்னது இது?" என்றார் நீலமேகம். குரல் இறங்கிவிட்டது.

"ஓட்டோட உள்பக்கம் சார். அந்த உசுரு இதுக்குள்ளதான் படுத்திருந்துச்சு. பத்துக் கோடி வருசமா மங்கவே இல்ல சார். பாக்கத்தான் ஆளு இல்ல."

சிரித்த பையன்களும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

செங்கொடி அந்தத் துண்டைப் பார்த்தாள். அதே துண்டைப் போன மாதம் கொளஞ்சி கொண்டுவந்து நீட்டியபோது, சரி சரி, பெட்டியில போடு, முழுசா ஏதாவது தேடு என்று சொன்னவள் அவள். இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் பிள்ளை எடுப்பதற்கு முன்னால் இந்த நிறத்தின்மேல் பட்ட வெயில் கடல் தண்ணீர் வழியாக இறங்கி வந்த வெயில். அப்போது மனிதர்கள் இல்லை. மனிதர்கள் வருவார்கள் என்பதற்கான அறிகுறிகூட இல்லை. அத்தனை காலமும் இருட்டுச் சேற்றில் கிடந்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பெண்ணின் எச்சில் பட்டதும், எதுவும் நடக்காதது போல மின்னுகிறது.

நீலமேகம் வெகு நேரம் கழித்துத்தான் பெரிய கல்லின் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது?"

"வேற ஊருக் கல்லு சார். யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க."

நீலமேகம் நிமிர்ந்து செங்கொடியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனசோடுதான் கேட்டார். "நீங்கதானேம்மா இவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவங்க? சின்னப் பொண்ணு, ஏதோ குழப்பிக்கிறா. அப்படித்தானே?"

தப்பிக்கக் கதவை அவரே திறந்து விட்டார். ஆமாம் சார் என்றால் போதும். படம் எடுத்தாகிவிட்டது. நிதி வந்துவிடும். வகுப்பு நடக்கும். செங்கொடி மேட்டைப் பார்த்தாள்.

மெர்சி இறங்கி வந்தார். கொளஞ்சியிடமிருந்து கல்லை வாங்கினார். திருப்பினார். ஒரு பார்வை போதுமாக இருந்தது. மாணவியாக இருந்த காலத்தில் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து அவரே தோளில் சுமந்து வந்த கல் அது.

முகத்தில் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கல்லை அப்படியே செங்கொடியின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"அந்தப் பிள்ளை உன்கிட்டதான் கேட்டா மக்களே. நீயே சொல்லு."

கல் கனத்தது. கொளஞ்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தான் பார்த்தது சரியா, தப்பா என்று தெரிந்துகொள்ளும் அவசரம் மட்டும் இருந்தது. வேறு யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

செங்கொடிக்கு அன்று காலைவரை ஆயிரம் வாதங்கள் இருந்தன. ஒன்றும் வாய்வரை வரவில்லை.

"நீ சொன்னதுதான் சரி, கொளஞ்சி," என்றாள். "இது சுண்ணாம்புக் குவாரிக் கல்லு. நேத்து சாயங்காலம் நான்தான் கொண்டாந்து புதைச்சேன். மேடத்துக்குத் தெரியாது சார்."

"நான் சொன்னேன்ல, பஸ்ஸுன்னு!" என்றான் அந்தப் பையன்.

பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சி மட்டும் துள்ளி எழுந்தாள்.

"அப்ப நான் பாத்தது சரிதானக்கா?"

"சரிதான்."

"சுண்ணாம்புதானே?"

"சுண்ணாம்புதான்."

"ஏ, சுண்ணாம்புதாண்டி!" என்று கத்திக்கொண்டே அவள் மற்றப் பிள்ளைகளிடம் ஓடினாள். அக்கா ஏன் புதைத்தாள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கார் பக்கத்தில் நின்று நீலமேகம் மெர்சியிடம் பேசினார். செங்கொடிக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

"நடந்ததை எழுதாம இருக்க முடியாதும்மா."

"எழுதணும் சார்."

"எழுதினா இந்தத் தடவை கிடைக்காது."

"கிடைக்காது சார்."

அவர் கார்க் கதவைத் திறந்தார். ஏறவில்லை. ஓடைப் பக்கம் பார்த்தார்.

"அந்தத் துண்டை இன்னொரு வாட்டி பாக்கலாமா?"

கொளஞ்சி ஜாமெட்ரி பாக்ஸோடு ஓடி வந்தாள். நரைத்த தலையும் எண்ணெய் வழியும் தலையும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி குனிந்து நின்றன. கூட வந்த இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நீலமேகம் நிமிரவில்லை. இரண்டாம் முறை அடித்த பிறகுதான் ஏறினார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கார் எழுப்பிய புழுதி அடங்கியது. செங்கொடி மடியில் கல்லோடு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தாள். மெர்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திட்டுங்க மேடம்."

மெர்சி செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"ஆமா. கெடுத்துட்ட."

வேறு யாராவது சொல்லியிருந்தால் செங்கொடி எதிர்த்துப் பேசியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டாள். கீழே பிள்ளைகள் வட்டமாக நின்று அவரவர் பெட்டிகளில் இருந்த துண்டுகளையெல்லாம் எச்சில் தொட்டு வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னோடது மங்கல், என்னோடது பளபள என்று ஒரே சண்டை. நடுவில் கொளஞ்சி இடுப்பில் கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செங்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"முழுசா மூணு வருஷம் மேடம்! வாராவாரம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்குடுத்திருக்கேன். கடைசியில நான் சொல்லிக்குடுத்த புள்ளையே, பணம் குடுக்க வந்தவங்க அத்தனை பேர் முன்னாடியும், நான் வச்ச கல்லையே எடுத்து, இது பொய்னு..."

கோபமாக ஆரம்பித்த குரல் பாதியில் வேறென்னவோ ஆகிவிட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

மெர்சி கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்குத்தானே மக்களே பணம் கேட்டோம்."